ஐந்து விதமாக அழைக்கப்பட்ட ஒரு ‘நிறுத்து’

1. கந்தையா ஐயாவின் வயல்

உயிலங்குளத்துக் கந்தையா ஐயா எங்கள் கந்தோருக்குள் வந்தபோது அவருடைய முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“விதைச்ச நெல்லு முழுக்கத் தண்ணிக்குள்ள கிடக்குது, பிள்ளை. மோட்டரை நிப்பாட்டச் சொல்லி ஃபோனில அமத்தினனான். நிப்பாட்டியாச்செண்டு காட்டினது. நம்பிப் படுத்தனான். விடியப் போய்ப் பாத்தால் ஓடிக்கொண்டிருக்குது.”

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நீர் இறைக்கும் மோட்டர்களைத் தொலைபேசியிலிருந்து இயக்கும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். அதற்கென்று எங்களிடம் ஒரு சின்னக் கணினி மொழியும், அதில் எழுதியதை இயந்திரத்துக்கு விளங்கும்படி மாற்றித்தரும் ஒரு கொம்பைலரும் உண்டு. கொம்பைலரைப் பார்ப்பது நானும் நிரோஜாவும். நிரோஜா தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, அங்கேயே படித்து, குடும்பத்தோடு திரும்பி வந்தவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த மாதம்தான் முடிவு சொல்வதாக இருந்தார்கள்.

கொழும்பிலிருந்து எங்கள் மேலாளர் திரையில் வந்தார். அவரைச் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “கடைசியா அந்தக் கொம்பைலர் கோட்டில கை வச்சது ஆர்?”

“நான்தான் சார்,” என்றாள் நிரோஜா.

“அங்க படிச்சிட்டு வாறவைக்கு எங்கட முறை விளங்கிறேல்ல. நான் அப்பவே யோசிச்சனான். இவவை நிரந்தரமாக்கிற கதையை விடுவம். ஐயா, பிழை விட்ட ஆளைப் பிடிச்சிட்டம்.”

கந்தையா ஐயா திரையை முறைத்தார். “ஆரைப் பிடிச்சு எனக்கென்ன? என்ர மச்சானும் உங்கட கருவிதான் பூட்டி வச்சிருக்கிறான். நாளைக்கு விதைக்கப் போறான். அவன்ர மோட்டர் நிக்குமோ நிக்காதோ, அதைச் சொல்லுங்கோ.”

சேர் என்னைப் பார்த்தார். “தெரியாது ஐயா,” என்றேன். “நாங்கள் சொல்லுமட்டும் கையாலயே நிப்பாட்டச் சொல்லுங்கோ.” சொந்தக் கொம்பைலரைப் பற்றி ஒரு விவசாயியிடம் தெரியாது என்று சொல்லவேண்டி வந்ததில் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

2. ஏன் தெரியாது?

கொம்பைலர் நாம் எழுதுவதை நேரே இயந்திர மொழிக்கு மாற்றுவதில்லை. நடுவே ஒரு வடிவம் உண்டு. ஐ.ஆர். என்போம். அதைச் சுருக்கி வேகமாக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு ‘பாஸ்’.

எங்கள் மொழியில் ‘மோட்டர்’ என்றொரு பொது வகை உண்டு. அதற்கும் ‘நிறுத்து’ என்றொரு மெதட், அதாவது ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்பு, இருக்கிறது. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை, வெறுமை. கிணற்று மோட்டர், குளத்து மோட்டர் என்று ஒவ்வொரு வகையும் தனக்குரிய ‘நிறுத்து’ ஒன்றை வைத்திருக்கும். ஆகவே ‘நிறுத்து’ என்று அழைத்தால், யாருடைய ‘நிறுத்து’ என்று தேடிப் பிடிக்கவேண்டும். தேடும் விதம் மாறும்போதெல்லாம் எங்கள் ஐ.ஆரில் ஒரு புதுவித அழைப்பைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அப்படி ஐந்து சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு பாஸும் ஐந்தையும் தனித்தனியே தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

ஐந்தாவதைச் சேர்த்தவர் சேர். யாரோ பெரிய இடத்து ஆட்களுக்கு டெமோ காட்ட அவசரமாக எழுதினார். டெமோ நடுவில் நின்றுவிடக்கூடாது என்பதற்காக இன்னொரு வேலையும் பார்த்தார். தெரியாத அழைப்பு வந்தால் பிழையென்று சத்தம் போடாமல் பொது வகையின் மெதட்டையே எடுத்துக்கொள் என்று ஒரு வரி. அதன்பிறகு புதுப் பாஸ் எழுதுகிற எல்லோரும் பழையதைப் பிரதி எடுத்துத்தான் தொடங்குவார்கள், அதுதான் எங்கள் வழக்கம். அந்த வரியும் கூடவே போய்க் குடியேறியது. ஐந்தாவது அழைப்பு இருப்பதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. தெரிந்தவர் தெரியாதவருக்கு வாயால் சொல்வதோடு சரி. நிரோஜாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

“அஞ்சாவது இருக்குற ஃபைலையே நான் பாத்ததில்லக்கா. நாலுதான்னு நெனச்சேன்,” என்றாள். அவளுடைய புதுப் பாஸுக்குள் ஐந்தாவது அழைப்பு வந்தது. அது பொது மோட்டரின் வெறும் ‘நிறுத்து’வை எடுத்துக்கொண்டது. ஒன்றும் செய்யாமலே முடிந்துவிட்டது என்று அறிவித்தது. கந்தையா ஐயாவின் நெல் தண்ணீருக்குள் போனது.

இதற்கு அவளை வீட்டுக்கு அனுப்புவதாம்!

3. தேடுவது வேறு, அழைப்பது வேறு

இதை இரண்டாகப் பிரிப்போம் என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ‘தேடு’ என்று ஒரு கட்டளை: எந்த மெதட் என்று கண்டுபிடித்துத் தருவது மட்டும் அதன் வேலை. ‘அழை’ என்று இன்னொன்று: தந்ததை அழைப்பது மட்டும். எந்த மோட்டர் என்பதும் மற்ற விவரங்களைப் போல அதற்குள் கொடுக்கப்படும் ஒரு சாதாரண விவரம். தேடும் விதம் நூறாகப் பெருகினாலும் அழைப்பு ஒன்றுதான். தேடல் விளங்காவிட்டால் பாஸ் அதைத் தொடாமல் விட்டுவிடும், மோட்டர் ஓடும்போது சரியான ‘நிறுத்து’ தேடப்படும். ஒருவர் மறந்தாலும் வயல் மூழ்காது.

ஒவ்வொரு தடவையும் சேர் சொன்ன பதில்: “ஓடுறதை ஏன் தொடவேணும்?”

இந்தமுறை நான் கேட்கவில்லை. நானும் நிரோஜாவும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்து மாற்றினோம். அந்தச் சத்தம் போடாத வரியை எல்லா இடத்திலிருந்தும் பிடுங்கினோம். பிறகு விவசாயிகளின் புரோகிராம்கள் எல்லாவற்றையும் திரும்பக் கொம்பைல் பண்ணி, பழையதோடு ஒப்பிட்டோம். கந்தையா ஐயாவின் மச்சானுடைய மோட்டரிலும் அதே ஓட்டை இருந்தது. இலுப்பைக்கடவைப் பக்கத்து மோட்டர்களிலும் இருந்தது, அங்கே கையால் நிறுத்தியே பழகியதால் இதுவரை வெளிப்படவில்லை. அங்கே ஓட்டை விழுந்தது நிரோஜாவின் பாஸில் அல்ல. அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே சேர் எழுதிய பாஸில்.

திரையில் காட்டினேன்.

“அது டெமோவுக்கு எழுதினது,” என்றார்.

“டெமோ முடிஞ்சு எத்தினை போகம் விதைச்சு வெட்டியாச்சு, சேர்? இவவை அனுப்பிப்போட்டு அந்த ஒரு வயலை மட்டும் திருத்தியிருந்தால் மற்றச் சனத்தின்ர வயலுக்கு ஆர் பதில் சொல்லுறது?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. என்னிடம் கேட்க வேண்டாம், அவளிடம் கேட்டிருக்கலாம். “சரி, நிரோஜா, உம்மை நிரந்தரமாக்கிறம். இனியெண்டாலும் கவனமா இரும்,” என்றார்.

இனியெண்டாலும்! நான் வாயைத் திறப்பதற்குள் நிரோஜா பேசிவிட்டாள்.

“கவனமா இருந்தாத்தான் சரியா ஓடும்னா, நாம இன்னும் வேலைய முடிக்கலன்னு அர்த்தம் சார்.”

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் இதைவிட வேறு புத்திமதி இல்லை. பிழை விட்டது யார் என்று கேட்கிற கூட்டத்தில் இருந்தால், அந்தப் பிழையை அவ்வளவு லேசாக விடும்படி வைத்தது யார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் திரையின் மறுபக்கத்தில் இருப்பவர் கமராவை அணைப்பார். எங்கள் சேரும் அணைத்தார். அணைக்கட்டும். நிரோஜா கருவிப்பெட்டியையும் திருத்திய மென்பொருளையும் எடுத்துக்கொண்டு, மோட்டர்களில் ஏற்றிவிட உயிலங்குளத்து பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனாள்.