கழற்றாத பற்றரி

மைக்ரோவேவ் தன் வேலை முடிந்ததென்று மூன்று தரம் கீச்சிடும்போதெல்லாம் என் கை தானாகப் பொத்திக்கொள்கிறது. மூன்று கீச்சு என்றால் அவுட். எங்கள் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை.

தொண்ணூற்றேழில் கனடாவிலிருந்து சித்தப்பா யாரிடமோ கொடுத்தனுப்பிய பேஸ்போல் விளையாட்டு அது. உள்ளங்கையளவு சாம்பல் நிறப் பெட்டி, சின்னத் திரை, இரண்டு பொத்தான்கள். ஊர்காவற்றுறையில் பேஸ்போலை யார் கண்டார்கள்? அண்ணைக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பத்து. இருவருக்கும் தெரிந்தது கிரிக்கெட். ஆகவே ஒரு மாதம் அதைக் கிரிக்கெட்டாகவே ஆடித் தோற்றோம்.

"நல்ல பந்து, தங்கச்சி. தொடாதை, விடு," என்பான் அண்ணை, பெரிய பயிற்சியாளன் மாதிரி.

விடுவேன். பெட்டி கீச்சிடும். விட்ட பந்தையும் பிழையாக எண்ணுகிற விளையாட்டு ஒன்று உலகத்தில் இருக்குமென்று எங்களுக்கு யார் சொல்வது?

அதன் நல்ல குணங்களை இன்றைக்கும் மறுக்க ஏலாது. வெயில் ஏற ஏறப் படம் தெளிந்தது. கருவாடு காயும் மணலில் குந்தியிருந்து ஆடலாம். பந்து ஒருமுறை பாய்ந்து வரும், மறுமுறை யோசித்து யோசித்து வரும். எத்தனை தரம் தோற்றாலும் சலிக்காமல் மறுபடி போடும். நாலு மூலையையும் சுற்றி ஓடுகிற அந்தப் புள்ளி மனிதனை ஒருவரும் மறித்து அடையாள அட்டை கேட்டதில்லை.

குறைகளும் இருந்தன. சத்தத்தை நிறுத்த வழியில்லை. பந்து எல்லை தாண்டினால் பெருநாள் பாண்ட் வாத்தியம்போல முழங்கும். மற்றது மறதி. பற்றரியைக் கழற்றினால் அதுவரை எடுத்த ஓட்டமெல்லாம் அழிந்துபோகும்.

கடற்படையின் காவலரணைத் தாண்டுகிற எவரும், குண்டென்று சந்தேகம் வராதிருக்க, டோர்ச்சோ ரேடியோவோ எதுவானாலும் பற்றரியைக் கழற்றித் தனியாகக் கையில் ஏந்திக் காட்ட வேண்டியிருந்த காலம். செருப்பைக் கழற்றுவதுபோல அது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, காரைநகரில் மாமி வீட்டுக்குப் போக அம்மா எங்களைப் படகுத்துறைக்குக் கூட்டிவந்தார். அன்று காலைதான், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, நான் முன்னால் நின்றேன். பெட்டி மூன்று, நான் நாலு. கடைசிச் சுற்று மிச்சம்.

துறைக் காவலரணின் வரிசையில் அண்ணை குனிந்து கேட்டான்: "பற்றரியைக் கழட்டினனியே?"

"ஓம்," என்றேன்.

பெட்டியை அவனுடைய பைக்குள், மாமிக்குக் கட்டிய காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் பொதிக்கடியில், ஏற்கனவே ஒளித்திருந்தேன். ஒரேயொரு ஓட்டத்துக்காக.

சோதிக்கிறவன் பையை வெளியிலிருந்து அமுக்கிப் பார்த்தான். விரல் எங்கே பட்டதோ, உள்ளிருந்து வாத்தியம் முழங்கியது. நான் ஒருநாளும் அடித்திராத அடி. அவன் பையை எறிந்துவிட்டுப் பின்னால் பாய்ந்தான். துவக்குகள் நிமிர்ந்தன. அம்மா முழங்காலில் விழுந்தார். வரிசை எங்களைவிட்டு விலகியது, அலை விலகுவதுபோல, சத்தமில்லாமல்.

பொதியைக் கிளறிப் பெட்டியை எடுத்த பிறகு ஒருவன் கொச்சைத் தமிழில் கேட்டான்: "இது யாருது?"

நான் வாய் திறக்குமுன் அண்ணை முன்னால் வந்துவிட்டான். "என்ரைதான் சேர். அவள் சின்னப்பிள்ளை, அவளுக்கு இது விளையாடவே தெரியாது."

விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். பிறகு அம்மா அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை வாசல்களில் நின்றார், எத்தனை கடிதங்கள் எழுதினார். ஒருவரும் அவனைக் கண்டதில்லை என்றார்கள்.

ஆனால் அந்த நிமிடம் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. நாலுக்கு மூன்று என்று முன்னால் நின்ற என்னை, ஊரே பார்த்திருக்க, விளையாடத் தெரியாதவள் என்று சொல்லிவிட்டான். அந்தப் பொய்யை எதற்காகச் சொன்னான் என்று யோசிக்கிற வயதா அது?

மணல் மூட்டைகளுக்கு அப்பால் அவனைக் கூட்டிப்போனார்கள். திரும்பிப் பார்த்தான், சிரிக்கப் பார்த்தான்.

"நீங்கள் போங்கோ. நான் அடுத்த படகிலை வாறன்," என்றான்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உன்னோடை கோவம். இனி ஒருநாளும் கதைக்கமாட்டன்."