ஆசாரியின் வளைகத்திகள்

வெறும் சந்தேகத்தின் பேரில் ஒரு மனிதரைச் சைகோன் போலீசில் பிடித்துக் கொடுத்தவன் நான்.

அங்கே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு மரத்தில் சிங்க வாகனம் செதுக்க வந்தவர். ஆசாரி என்றே அழைத்தோம். அவருடைய இடது முன்கையில் மட்டும் மயிரே இருக்காது. மரத்தைக் குடையும் குழிவான வளைகத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு, விரல் பருமனுள்ள உருண்டைக் கல்லை அதன் உள்வளைவில் ஓட்டித் தீட்டுவார். பிறகு அந்தக் கையில் சிரைத்துக் கூர் பார்ப்பார்.

"மரத்துக்கு இவ்வளவு கூர் எதுக்கு ஆசாரி?" என்றேன்.

"கழுத்துக்கு இதுல பாதி போதும் முசியே," என்று சிரித்தார்.

பிரெஞ்சு அலுவலகத்தில் எழுத்தராக இருந்ததால் அவருக்கு 'முசியே', அதாவது துரை, ஆகிவிட்ட நான், அன்றே அதைப் போலீசுக்கு எழுதினேன். பத்து நாள் உள்ளே வைத்தார்கள். திருவிழா நெருங்கியது, சிங்கம் பிடரி மயிரில்லாமல் நின்றது. மனம் உறுத்த, நான் எழுதியது தவறென்று எழுதிக் கொடுத்து அவரை மீட்டேன். அவரிடமும் உண்மையைச் சொன்னேன். போலீஸ் பறித்து வைத்திருந்ததில் துருப்பிடித்திருந்த கத்திகளைத் தட்டைக் கல்லில் நானே பளபளவென்று தீட்டிக் கொடுத்தேன்.

அவர் ஒன்றை முன்கையில் வைத்து இழுத்தார். பத்து நாளில் முளைத்திருந்த மயிர் ஒன்றுகூட விழவில்லை.

"தட்டைக் கல்லுல தேய்ச்சு உள்வளைவே போச்சே முசியே. போலீசுக்காரன் துருவோட விட்டான். நீங்க வளைவையும் விடல."

திருவிழாவுக்குச் சிங்கம் பிடரி மயிரில்லாமலே புறப்பட்டது. அதன்பின் நான் கோயிலுக்குள் நுழைந்தாலே ஆசாரி கத்திகளை எண்ணித் துணியில் சுற்றிவிடுவார். நான் வெளியேறும்போது மறுபடியும் எண்ணுவார்.