டெம்ப்ளேட்டில் ஏறிய கட்டுரை

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் டைப்பிங் கடை வைத்திருக்கும் அக்தர் பானுவுக்கு, இருபத்திரண்டு வருடத்தில் கழுத்து தேய்ந்ததுதான் மிச்சம். கல்யாணப் பத்திரிகை அடித்து ஓடிய கடைக்கு இப்போது ஆராய்ச்சி மாணவர்கள் வருகிறார்கள். கூடவே டெம்ப்ளேட் என்ற சனியனும் வருகிறது. ஒவ்வொரு ஆய்விதழும் ஒரு மாதிரிக் கோப்பு வைத்திருக்கும். தலைப்பு இந்த அளவு, சுருக்கம் இத்தனை சொல், நூல் பட்டியலில் கமா இந்த இடத்தில். இம்மி பிசகினாலும் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள், மகராசன்கள்.

பொற்கொடி சிலமலைக்காரி. கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களைப் பற்றி ஆறு வருடமாக ஆராய்ச்சி. ஒரு கட்டுரையாவது வெளிவந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். பதிவுக்காலமோ இந்த வருடத்தோடு சரி. வடிவம் சரியில்லை என்று இரண்டு இதழ்கள் ஏற்கெனவே திருப்பிவிட்டன. மூன்றாவது இதழின் கடைசி நாளன்று மதியம் மூன்று மணிக்கு வந்து நின்றாள்.

"அக்கா, அஞ்சு மணிக்குள்ள ஏத்தணும். இதுவும் திரும்புச்சுன்னா நான் படிச்சதெல்லாம் வீணு."

"அழுகாத ஆத்தா. உக்காரு, வெரசா முடிச்சிருவோம்."

கட்டுரை ஆங்கிலம். தோட்டத்துப் பெண்கள் சொன்னது மட்டும் அவர்கள் பேச்சிலேயே, தமிழில். அதைப் பானு முதல் இதழுக்கு அனுப்பும்போதே பழைய எழுத்துருவில் அடித்திருந்தாள். யூனிகோடு வந்து எத்தனை வருடமானாலும் அவள் விரலுக்கு அதுதான் பழக்கம். அந்த எழுத்துருவை மாற்றினால் தமிழ் போய், அடியில் கிடக்கும் ஆங்கிலக் கிறுக்கல் வெளியே வந்துவிடும். பானுவுக்கு இது தெரியாததா? ஆனால் மணி நாலே முக்கால். மொத்தக் கட்டுரைக்கும் இதழ் கேட்ட எழுத்துருவை ஒரே அழுத்தில் போட்டாள். கண் எரிந்தது. பக்கங்களைத் திரும்பப் பார்க்கவில்லை. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பியாயிற்று.

மூன்று மாதம் கழித்து, கட்டுரை வெளிவந்துவிட்டதென்று பொற்கொடி அல்வாவோடு வந்தாள். பானு திரையில் திறந்து, பெருமையாக ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். ஐந்தாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. பெண்கள் பேசிய பதினோரு இடத்திலும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் தாறுமாறாகக் கிடந்தன. "குனிஞ்சா நிமிர முடியல, நிமிந்தா கங்காணி விட மாட்டான்" என்று ஒருத்தி சொன்னதை அடித்தது அவளுக்கு நினைவிருந்தது. அதையும் காணோம். கமாவுக்கெல்லாம் கணக்குக் கேட்டவர்கள் இதை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பானுவுக்கு அவமானமாக இருந்தது.

"என் தப்புத்தான் ஆத்தா. அந்த இதழுக்கு எழுதிப் போடு, இப்பவே திருத்தித் தர்றேன்."

"தெரியும்க்கா. வெளியிடுறதுக்கு முன்னாடி சரிபாக்க அனுப்புனாங்கள்ல, அப்பவே பாத்துட்டேன்."

"பாத்துட்டா சும்மா இருந்த?"

"சொன்னா மறுபடி மொதல்லருந்து ஆரம்பிப்பாங்க. வருசம் போயிரும். ஒருத்தரும் அதப் படிக்கலன்னு தெரிஞ்சு போச்சு. சரின்னு அனுப்பிட்டேன்."

பானு அல்வாவைப் பிரிக்கவில்லை. "குனிஞ்சா நிமிர முடியலன்னு சொன்னது யாரு?"

"எங்கம்மாதான்க்கா" என்றாள் பொற்கொடி. "தான் பேசுனது எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டச் சொல்லிருக்கு. சாயங்காலம் தோட்டத்துலருந்து ஜீப்புல வந்து எறங்குனதும் கேக்கும்."