800 என்று எழுதிய ரெம், 533இல் ஓடியது

"நசார், நீங்க தந்த ரெம்முல 800 எண்டு எழுதியிருக்கு. கொம்பியூட்டர் 533 எண்டு காட்டுது. ரெண்டுல ஒண்டு பொய் சொல்லுது."

திருக்கோவிலிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டியை மேசையில் இறக்கிவிட்டு, யோகன் அண்ணன் சத்தம் போடாமல்தான் என்னிடம் இதைச் சொன்னார். கல்முனையில் நான் வேலை பார்த்த கணினிக் கடையில் அப்போது வேறு ஆட்களும் நின்றார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

யோகன் அண்ணன் கலியாண வீடியோ எடுப்பவர். அவருடைய முதல் ஸ்டூடியோவைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. அவர் பெட்டியோடு வந்து நின்றது யுத்தம் முடிந்த மறுவருசம். தள்ளிப்போன கலியாணங்கள் எல்லாம் ஒன்றாக நடந்தன. மூன்று வருசத்துக்கு முன் எங்கள் கடையில் எடுத்த கணினியின் பழைய ரெம், அதாவது நினைவகம், போதாமல், ஒவ்வொன்றும் இரண்டு ஜிபி என்று இரண்டு புதுத் துண்டுகளை எங்களிடம் வாங்கியிருந்தார்.

முதலாளி சலீம் ஹாஜியார் என்னைப் பார்த்தார். "கொழும்புல இந்தச் சாமான நீதானே பாத்து எடுத்த?"

"ஓம் ஹாஜியார்."

"அப்ப நீயே பாரு. யோகன் தம்பி இந்தப் படி ஏறுறத விட்டா, அந்தப் பக்கத்தால ஒருத்தரும் வரமாட்டாங்க."

அது உண்மை. பல வருசம் தமிழ் ஆட்கள் எங்கள் முஸ்லிம் கடைத்தெருவுக்கு வரப் பயந்தார்கள், நாங்கள் அவர்கள் ஊர்ப்பக்கம் போகப் பயந்தோம். துணிந்து முதலில் வந்தவர் யோகன் அண்ணன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தோணியில் மீன்பிடிக்கப் போனேன், கொழும்பில் பேக்கரியில் மா பிசைந்தேன், வெளிநாட்டில் லொறி ஓட்டினேன். சுனாமி செய்தி கேட்டு ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டில் கிணறு மட்டும் மிச்சம். ஹாஜியாரின் கடையில் சேறு படிந்த போர்டுகளை நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்ததுதான் நான் படித்த கணினிப் படிப்பு. அதிகம் நாள் நான் தங்கிய ஒரே வேலையும் அதுதான்.

பெட்டியைத் திறந்தேன். துண்டுகள் சரியாக அமர்ந்திருந்தன. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸுக்குள் போனேன். மெமரி வேகம், கணினி தானாக எடுத்துக்கொள்ளும் 'ஓட்டோ'வில் இருக்க வேண்டும். யாரோ கையால் 533 என்று பூட்டியிருந்தார்கள்.

அந்த யாரோ நான்தான்.

யுத்த காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் ஏறி இறங்கும், ஜெனரேட்டர் இருமும். முழு வேகத்தில் விட்டால் கணினி இடையில் நின்றுவிடும். அதைத் திருத்த வாடிக்கையாளர் செக்பொயின்ட் செக்பொயின்டாகப் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாமென்று, கடையிலிருந்து போகும் ஒவ்வொரு கணினியிலும் வேகத்தைக் குறைத்துப் பூட்டினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

வாயைத் திறக்காமல் ஓட்டோவுக்கு மாற்றினேன். 667 வந்தது. கையால் 800 வைத்தேன். விண்டோஸ் படம் வந்த இடத்தில் திரை உறைந்து நின்றது.

"டுப்ளிகேட்தான்," என்றார் ஹாஜியார். போனை எடுத்துவிட்டார். "வித்த கள்ளனுக்கு இப்பவே ரெண்டு கத கதைக்கிறன்."

சும்மா இருந்தால் போதும், பழி கொழும்புக்காரன் தலையில் விழுந்துவிடும். ஒரு நிமிசம் அப்படித்தான் இருந்தேன்.

"கோல் எடுக்காதீங்க ஹாஜியார். 533ல பூட்டி வெச்சது நான்."

காரணத்தையும் சொன்னேன். ஹாஜியார் போனைக் கீழே வைத்தார். "முதலாளி எனக்கும் சொல்லல்லையே நீ," என்றார். 

பிறகு துண்டுகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். 800க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 2.0 வோல்ட் என்று இருந்தது. போர்ட் தானாகக் கொடுத்தது 1.8. அந்த வேகத்துக்கு அது போதாது. பயோஸில் வோல்டேஜை லேபிளில் உள்ளபடி ஏற்றி, அதில் இருந்த டைமிங் எண்களையும் கையால் போட்டு, மெமரி டெஸ்டை ஓடவிட்டேன். மதிய லுஹர் தொழுகை முடித்து வந்து பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. 800.

யோகன் அண்ணன் திரையைப் பார்த்தார். "மூண்டு வருசமா மாட்டு வண்டியில ஏத்திப்போட்டு, கார் எண்டு நினைக்க வெச்சிருக்கிறீர்."

"மன்னிச்சுக்கங்க அண்ணன்."

"ஆனா ஒருநாளும் நடுவழியில நிண்டதில்ல. அதையும் சொல்லத்தானே வேணும்." சிரித்தார். "இனிக் குறைக்கிறதெண்டா என்னட்டக் கேட்டுட்டுக் குறையும்."

சந்தியில் நின்று கல்முனைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவர் சொல்லியிருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

வீடியோ வெட்டுவதில் 533க்கும் 800க்கும் பெரிய வித்தியாசம் வந்துவிடாது. ஆனால் வேகத்தைக் குறைப்பதா வேண்டாமா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நல்லதை நினைத்துச் செய்தாலும், செய்ததை உரியவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த மாதம் ஹாஜியாரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு சாகாமம், விநாயகபுரம் என்று நான் வேகத்தைப் பூட்டிக் கொடுத்ததாக நினைவில் இருந்த வீடுகளுக்கெல்லாம் போனேன். சிலர் வேகத்தை ஏற்றச் சொன்னார்கள். விநாயகபுரத்தில் டைப்பிங் வகுப்பு நடத்தும் டீச்சர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கு இந்த வேகம் காணும் தம்பி, அப்படியே இருக்கட்டும்," என்றார்.

நான் ஒன்றையும் மாற்றாமல் பயோஸை விட்டு வெளியே வந்தேன்.