மூன்று பத்துக்கு நிற்கும் என்ஜின்

இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். போனிஃபாசியோ இஷ்கோய் முப்பது வருட டீசல் மெக்கானிக். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் ஸ்பானரைத் தூக்கி அடிக்கிற ரகம். அவரே தன் வாயால் சொன்னது இது. மணி முதற்கொண்டு அவர் நோட்டில் இருக்கிறது.

குவாத்தமாலா மலைச்சாலை. எஸ்பினேரோ வளைவு. செப்டம்பர் பதினெட்டு, வியாழன். பட்டப்பகல்.

அன்று அவர் கொதித்துப் போயிருந்தார். காரணம், பேருந்து முதலாளி தோன் அமீல்கார். வடக்கே வேறு நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு ஓடித் தேய்ந்த பழைய மஞ்சள் வண்டி ஒன்றை வாங்கி, சிவப்பும் பச்சையும் அடித்து, சந்தை ஊருக்கு விட்டிருந்தார். அது ஒரே வாரத்தில் மூன்று முறை அதே வளைவில் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வாரம்தான் போனிஃபாசியோ டீசல் பம்பைப் பிரித்து மாட்டியிருந்தார். முதலாளி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்: "அந்த ஆளு கை வெச்சதுல இருந்துதான் வண்டி கெட்டுச்சு."

"என் வேலையையா குறை சொல்றான்? நானே கூட வர்றேன், பாத்துடலாம்!" என்று டிரைவர் தொரிபியோவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். சந்தை முடிந்து திரும்பும் கூட்டம். நாற்பது பேர். கூடைகள், கால் கட்டிய கோழிகள். மேலே ஏற ஏறப் பனிமூட்டம் கண்ணாடியை மறைத்தது.

3:10.

என்ஜின் நின்றது.

அது நின்ற விதம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. டீசல் வராமல் நிற்கும் என்ஜின் திக்கும், இருமும், வண்டியை உலுக்கும். இது அப்படி இல்லை. யாரோ நிறுத்தியதுபோல... சுத்தமாக நின்றது.

"மெக்கானிக்கையே கூட்டிட்டு வந்தும் நிக்குதே, என்ன அழகு!" என்றாள் பின்னால் ஒருத்தி. பேருந்தே சிரித்தது.

போனிஃபாசியோ பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். பானட்டைத் தூக்கினார். ஃபில்டர் சுத்தம். கை பம்பை அடித்தார். கெட்டியாக இருந்தது. காற்றும் புகவில்லை. பம்பிலிருந்து சிலிண்டருக்குப் போகும் ஆறு குழாய்களின் நட்டையும் தளர்த்தி, "ஸ்டார்ட் பண்ணு!" என்று கத்தினார்.

என்ஜின் சுற்றியது. ஒரு குழாயிலும் ஒரு சொட்டு வரவில்லை.

பம்புக்குள் டீசல் வருகிறது. வெளியே போகவில்லை. அப்படியென்றால் ஒரே இடம்தான் பாக்கி. பம்பின் பக்கவாட்டில், என்ஜினை நிறுத்தும் ஸ்டாப் லீவர். இந்தப் பழைய வண்டியில் சாவியைத் திருப்பினால் என்ஜின் நிற்காது. டிரைவர் உள்ளே ஒரு கம்பியை இழுக்க வேண்டும்.

லீவர் முழுசாக இழுபட்டிருந்தது.

"டேய் தொரிபியோ! கம்பிய ஏன்டா இழுத்த?"

"நான் தொடவே இல்ல மாஸ்டர். ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் இருந்துச்சு."

லீவரைத் தள்ளினார். நட்டுகளை இறுக்கினார். என்ஜின் பிடித்தது.

3:31. மறுபடி நின்றது. லீவர் மறுபடி இழுபட்டிருந்தது.

கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே, கட்டிங் பிளேயரால் கம்பியை லீவரிலிருந்து கழற்றி எறிந்தார். இனி உள்ளே யார் இழுத்தாலும் ஒன்றும் ஆகாது. ஸ்டார்ட். என்ஜின் சீராக ஓடியது.

3:36.

லீவர் அசைந்தது.

எதுவும் அதைத் தொடவில்லை. மெதுவாக... ஒரு நூல்... இன்னும் ஒரு நூல்...

போனிஃபாசியோ கையால் பிடித்தார்.

சூடான என்ஜின். ஆனால் விரல் சில்லிட்டது.

எதிர்ப்பக்கம் இன்னொரு கை. வலுவில்லாத கை. நடுங்கியது. வழுக்கியது. மறுபடி பிடித்தது...

"விடுடா!" என்று அலறினார். "யாரா இருந்தாலும் விடு! நாப்பது பேரு ஊர் போய்ச் சேரணும்!"

அது விடவில்லை.

அவர் விட்டார்.

டக்.

நிசப்தம்.

குனிந்தபடியே நின்றவர் கண்ணில் என்ஜின் எண் பொறித்த தகடு பட்டது. எங்கிருந்து வந்த என்ஜின் என்று தெரியக்கூடாதென எண்ணை அரத்தால் ராவி அழித்திருந்தார்கள். பயம் போன இடத்தில் கோபம் வந்தது. முதலாளிக்கு போன் போட்டார்.

"இந்த என்ஜின் எங்க வாங்குனது?"

முதலாளி சீறினார்: "என்ஜினப் பத்தி உனக்கென்ன? லீவரக் கம்பி போட்டுக் கட்டு. வண்டிய இறக்கிட்டு வா."

லீவர் என்று போனிஃபாசியோ சொல்லவே இல்லை!

"நீயே வந்து கட்டுடா! உன் பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திட்டு நீயே இறக்கு!"

நாற்பது பேரையும் இறக்கி, வழியில் வந்த சரக்கு வண்டிகளில் ஏற்றிவிட்டார். அந்தப் பேருந்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். அதோடு முதலாளி கொடுத்து வந்த வேலையும் போயிற்று.

எட்டாம் நாள் அவர் பட்டறைக்குப் பெத்ரோனா என்ற பெண் வந்தாள். கறுப்புச் சால்வை போட்டிருந்தாள். "அந்த வளைவுல வண்டிய விட்டுட்டு வந்தது நீங்கதானா?" என்று கேட்டாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் அதே வளைவில், இதே முதலாளியின் வேறொரு பேருந்து பள்ளத்தில் விழுந்தது. மணி மூன்று பத்து. ஓட்டியவன் அவள் புருஷன். உடைந்த வண்டியை இரும்புக்கு விற்ற முதலாளி, என்ஜினை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்; அதைத்தான் இந்த வண்டியில் மாட்டியிருந்தார்.

"விழுந்த உடனே அவரு சாகல," என்றாள். "வண்டி மரத்துல சிக்கி நின்னுடுச்சு. என்ஜின் மட்டும் ஓடிட்டே இருந்துச்சு. உள்ளேருந்து எல்லாரும் கத்துனாங்க. மேல ரோட்டுல போனவங்களுக்கு என்ஜின் சத்தம்தான் கேட்டுச்சு. பனியில ஏதோ வண்டி போவுதுன்னு நெனச்சுட்டுப் போயிட்டாங்க."

ராத்திரி ஏழு மணிக்கு டீசல் தீர்ந்து என்ஜின் நின்றது. அதற்குப் பிறகுதான் அலறல் மேலே கேட்டது. ஆட்கள் இறங்கிப் போனபோது மூன்று பேருக்கு உயிர் இருந்தது. அவள் புருஷனுக்கு உயிர் இல்லை.

சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தவன், அந்த நான்கு மணி நேரமும் ஸ்டாப் கம்பியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே இருந்தானாம்.

ஒரு சாண் எட்டவில்லை.