கண்ணை மூடிக்கொண்டு சொன்னது

ஒரு காலத்தில் வெள்ளவத்தையில் என் ஜெபத்துக்கு நல்ல பெயர் இருந்தது. நான் ஜெபித்தால் விசா கிடைக்கும் என்று சொல்வார்கள்.

எங்கள் சபையில் புதன்கிழமைதோறும் பின்னேரம் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். காலி வீதி என்ற பெருந்தெருவுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் அந்த நாட்களில் பாதிப்பேர் எங்கேயாவது போவதற்காகக் காத்திருந்தவர்கள்தான். வடக்கிலிருந்து வந்து, லொட்ஜிலோ வாடகை அறையிலோ இருந்துகொண்டு, தூதரகங்களுக்கு நடையாய் நடந்தார்கள். கூட்டத்தின் கடைசியில் அவர்கள் பாஸ்போர்ட்டை நடுமேசையில் வைப்பார்கள். நாங்கள் சுற்றி நின்று அதன்மேல் கை நீட்டுவோம். போதகர் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். நான் தொடங்குவேன்.

எனக்கு வார்த்தை தேட வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த கோயில் தமிழ் முழுவதும் நாக்கின் நுனியில் இருந்தது. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் எந்தப் பக்கத்திலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் வரும் என்பதும் தெரியும். அது எனக்குத் தெரியும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். நாற்பது தாண்டிவிட்டது, கலியாணம் நடக்கவில்லை, தம்பிமார் இருவரும் வெளிநாட்டில். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்புறத்து அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். என் ஜெபம் பலித்த ஒவ்வொரு தடவையும் வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒருவர் குறைந்தார். போகிறவர்கள் பட்டர் கேக்கோடு வந்து, "அக்கா, எல்லாம் உங்கட ஜெபம்தான்" என்று கண்கலங்கி, கொண்டுபோக முடியாததை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு கட்டத்தில் ஒற்றை ஆளான என்னிடம் ஐந்து பிளாஸ்டிக் வாளிகள் இருந்தன.

போகாமல் எனக்கென்று மிஞ்சியிருந்தவள் ஒருத்திதான். என்னைவிடப் பத்து வயது இளையவள். கொட்டாஞ்சேனையில் மாமியாரோடு இருந்தாள். கணவன் ஜேர்மனிக்குப் போய் ஐந்து வருடம். பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு ஆராதனைக்கு வருவாள். முடிந்ததும் என் அறைக்கு வந்து சாப்பிடுவாள். நான் சனிக்கிழமையே சந்தைக்குப் போய் அவளுக்குப் பிடித்த மீன் வாங்கி வைப்பேன். சாப்பிட்டபின் அவள் பாத்திரம் கழுவ, நான் துடைக்க, நாலு மணிவரை ஊர்க்கதை. மற்ற ஆறு நாளும் நான் தனியே சாப்பிட்ட சாப்பாட்டுக்கு இந்த ஒரு நாள்தான் உப்புப் போட்டது.

ஒரு ஞாயிறு அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"அக்கா, அவர் அங்க ஒருத்தியோட இருக்கிறாராம். குழந்தையும் இருக்காம். அவரே எழுதியிருக்கிறார்."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"மாமிக்குத் தெரியாது," என்றாள். "தெரிஞ்சா அந்த மனிசி என்னை ஒரு நாளும் நிம்மதியா இருக்க விடாது. என்னாலதான் எண்டு சொல்லும். எனக்குப் போறதுக்கும் வேற இடமில்லை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. எனக்காக ஜெபிச்சுமட்டும் கொள்ளுங்கோ."

"நான் ஆரிட்டச் சொல்லப்போறன்? ஆண்டவரிட்ட மட்டும்தான்," என்றேன்.

அப்படித்தான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை.

அடுத்த மாதம் கூட்டம் அவர்கள் வீட்டு முறை. வான் ஒன்று பிடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். மாமியார் புதுத் திரைச்சீலை போட்டு, மகனின் பெரிய படத்தைத் துடைத்து மாலைக்கு மட்டும்தான் குறை என்ற மாதிரி நடுச்சுவரில் வைத்திருந்தார். அவள் அடுப்படியில் பற்றிஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்து, வேதவாசிப்பு முடிந்து, வீட்டாருக்காக ஜெபிக்கும்படி போதகர் என்னைக் கேட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மாமியாருக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லோரும் கண்ணை மூடினோம்.

முதலில் வீட்டுக்கு ஆசீர்வாதம் கேட்டேன். பிறகு மாமியாரின் முழங்கால் வலி. ஒவ்வொரு வரிக்கும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சுற்றிலும் முணுமுணுப்பு வந்தது. நல்ல கூட்டம் என்று மனதுக்குப் பட்டது. பிறகு, தூர தேசத்தில் இருக்கும் இந்த வீட்டு மகனை நினைத்தருளும் என்றேன். குரல் தானாகவே தாழ்ந்தது. அந்நிய ஸ்திரீயின் கண்ணியிலிருந்து அவரை விடுவியும் என்றேன். முணுமுணுப்பு நின்றுவிட்டது. நானோ பரிசுத்த ஆவியானவர்தான் எல்லோரையும் அமைதியாக்கிவிட்டார் என்று நினைத்து இன்னும் உருகினேன். அங்கே பிறந்திருக்கும் அந்தக் குழந்தையின்மேலும் இரக்கமாயிரும் என்றேன். இங்கே கண்ணீர் வடிக்கும் உம்முடைய அடியாளைத் தேற்றும் என்றேன். எல்லாம் சொல்லி முடித்துத்தான் கண்ணைத் திறந்தேன்.

மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நீர் இப்ப ஆரின்ர குழந்தையைச் சொன்னனீர்?"

அவள் தலையைக் குனிந்தபடி அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து ஒவ்வொருவருக்காய்க் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். குடித்துப் பார்த்தேன். எனக்கு மட்டும் சீனி குறைத்துத்தான் போட்டிருந்தாள், வழக்கம்போல. அன்று அவள் என் முகத்தில் அந்தத் தேத்தண்ணீரை ஊற்றியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.

திரும்பும்போது வானில், முன்னுக்கிருந்த ஒரு மனிசி விஷயம் விளங்காமல், "அக்கா, இண்டைக்கு உங்கட ஜெபம் நல்ல உருக்கம்" என்றது. விளங்கியவர்கள் யன்னலுக்கு வெளியே புறக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டில் ஆயிரம் நியாயம் கண்டுபிடித்தேன். நான் கோள் சொல்லவில்லை, கடவுளிடம்தானே சொன்னேன். நாலு பேர் சேர்ந்து ஜெபித்தால் நல்லதுதானே. உண்மை எப்போதோ ஒருநாள் வெளிவரத்தானே வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது கைவந்த கலை. வாயால் சொன்னால் வம்பு என்று தெரிந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டால், அதற்கு ஜெபபாரம் என்று பெயர். அந்தக் கலையில் நான் முதல் ஆள்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேருக்குச் சமைத்தேன். அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் சமைத்தேன். மூன்றாவது ஞாயிறு, அவள் கொட்டாஞ்சேனையிலேயே பக்கத்துச் சபைக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். மிஞ்சிய சோறு காகத்துக்கு. இந்தக் காகங்களும் என் ஜெபத்தால் வாழ்கின்றன என்று என்னையே குத்திக்கொண்டேன். சிரிக்கத்தான் ஆள் இல்லை.

ஒரு தடவை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாமியார்தான் கேற்றடிக்கு வந்தார். கேற்றைத் திறக்கவில்லை.

"அவ குளிக்கிறா."

"நான் அவவுக்காக ஜெபிச்சுக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

"ஐயோ வேண்டாம் பிள்ளை. நீர் ஜெபிச்சது காணும்."

பஸ்ஸில் திரும்பும்போது கோபம் கோபமாய் வந்தது. என் மேல் அல்ல, அந்தக் கிழவிமேல்.

அதன்பின் சபையில் யாரும் என்னை ஒதுக்கவில்லை. அதுதான் வேடிக்கை. பாஸ்போர்ட்டுகள் மேசைக்கு வந்துகொண்டே இருந்தன. எனக்குத்தான் முடியவில்லை. வாயைத் திறந்தால் அந்த வீட்டின் அமைதி காதில் கேட்டது. தொண்டை சரியில்லை என்று போதகரிடம் சொன்னேன். சில மாதத்தில் புதன்கிழமைகளுக்கும் போவதை விட்டேன். அறை, அலுவலகம், அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் மட்டும் முடியவே முடியாது போல இருந்தன.

மூன்று வருடம் அவள் திரும்பி வர வேண்டும் என்று ஜெபித்தேன். ஜெபம் கேட்கப்பட என்ன வேண்டும் என்று வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் நாலு நாள் கூட்டம் வைத்தார். விசுவாசம் வேண்டும், விடாப்பிடி வேண்டும், உபவாசம் வேண்டும், விடியக்காலையில் எழும்ப வேண்டும். கொப்பி கொண்டுபோய்ச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். பரீட்சைக்குப் படிக்கிறமாதிரி எல்லாவற்றையும் செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடவில்லை. சீமெந்துத் தரையில் முழங்காலில் நின்று முழங்கால் கறுத்துப்போனது. இடையில் மாமியார் இறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்தேன். செத்தவீட்டுக்குப் போக முகமில்லை. அனுதாபக் கார்ட் ஒன்று வாங்கி, 'ஜெபத்தில் நினைக்கிறேன்' என்று எழுதி அனுப்பினேன். எழுத எனக்கு வேறு வசனம் கிடைக்கவில்லை, பாருங்கள்.

ஒரு சனிக்கிழமை காலை வழக்கம்போல முழங்காலில் நின்றேன். சத்தமாகத்தான் ஜெபிப்பேன். 'ஆண்டவரே, அவளுடைய மனதை மாற்றும்' என்று தொடங்கும்போது ரயில் வந்தது. அறை அதிர்ந்தது. நான் நிறுத்திவிட்டு, ரயில் போகட்டும் என்று காத்திருந்தேன். போனதும் அதே வசனத்தை முதலிலிருந்து, இன்னும் கொஞ்சம் அழகாகத் தொடங்கினேன்.

பாதியில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பூட்டிய அறையில் நான் யாருக்குக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்? கடவுளுக்கு ரயில் சத்தம் ஒரு தடையா? மூன்று வருடமாக இந்த அறையிலும் நான் கூட்டம்தான் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். வந்து உட்கார ஆள் மட்டும் இல்லை. அதோடு, மாற வேண்டியது அவளுடைய மனமாம். கடவுளிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன், பலதடவை, நல்ல தமிழில். அவளிடம் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேற்றடியில் நின்றபோதுகூடக் கேட்கவில்லை. கேட்டால் கேற் திறந்திருக்காது, சரி. ஆனால் கேட்டிருக்கலாம்.

ஜெபத்தை அப்படியே பாதியில் விட்டுவிட்டு எழும்பிச் சேலை கட்டினேன். என் வாழ்க்கையில் ஆமென் சொல்லாமல் விட்ட ஒரே ஜெபம் அது. பஸ்ஸில் நெரிசல். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் கத்தி, கொண்டக்டர் எல்லோரையும் முன்னுக்குத் தள்ளினான். எனக்கோ பின்கதவால் இறங்கி ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

கேற்றடிக்கு அவளே வந்தாள். மெலிந்திருந்தாள். முன்மயிர் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கொளுக்கியில் கையை வைத்தபடி நின்றாள்.

வெளியில் நின்றபடியே சொன்னேன். "உம்மட விஷயத்தை நான் எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டன். ஜெபம் எண்டு சொல்லித் தப்பப் பார்த்தன். பிழை என்னிலதான். என்னை மன்னியும்."

அவள் கொளுக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மாமி சாகுமட்டும் சொல்லிக்காட்டினவ அக்கா," என்றாள். "நான் வாயில சாப்பாடு தீத்தேக்கையும் சொல்லுவா. உன்னாலதான் என்ர பிள்ளை கெட்டவன் எண்டு." பிறகு, "இதைச் சொல்ல உங்களுக்கு மூண்டு வருஷமோ?" என்றாள்.

"ஓம்."

கொளுக்கியைக் கழற்றினாள்.

பழையபடி ஆனோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. அவள் பிறகு வெள்ளவத்தைக்குச் சாப்பிட வரவில்லை. சில மாதங்களில் அந்த வீட்டை விட்டு வத்தளைப் பக்கம் குடிபோனாள். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கார்ட் வரும். அவ்வளவுதான் எங்கள் உறவு. ஆனால் அன்று கேற்றைத் திறந்து அவள் கூட்டிப்போன முன்னறையில் நடந்ததைத்தான் நான் இவ்வளவு நேரமும் சொல்ல வந்தேன்.

இரண்டு பேரும் எதிரும் புதிருமாய்க் கதிரையில் இருந்தோம். கதைக்க ஒன்றும் வரவில்லை. பேச்சு முட்டினால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "ஜெபிப்பமோ?" என்று என் வாய் கேட்டுவிட்டது. கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் முகம் இறுகியது. பிறகு, "நீங்க வேண்டாம் அக்கா. நான் ஜெபிக்கிறன்," என்றாள்.

அவள் வாய்விட்டு ஜெபித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. கூட்டங்களில் தலையைக் குனிந்தபடி இருந்துவிட்டு எழும்பிவிடுவாள். இருந்த இடத்திலேயே கண்ணை மூடினாள். பரமபிதாவே என்றோ கிருபாசனம் என்றோ ஒன்றும் இல்லை.

"ஆண்டவரே, அக்காவுக்கு ஒருத்தரும் இல்லை. தனிய இருக்க அவவுக்குப் பயம். அதை ஆரிட்டயும் சொல்லமாட்டா. உம்மட்டயும் சொல்லியிருக்கமாட்டா. நீர்தான் அவவைப் பார்த்துக்கொள்ளும்."

அவ்வளவுதான். கோபம்தான் முதலில் வந்தது. இவளுக்கு யார் சொன்னது என்று. எவர் எவருக்கோ விசா கேட்டேன், வேலை கேட்டேன், முழங்காலுக்குச் சுகம் கேட்டேன். பயமாக இருக்கிறது, ஒருவரும் இல்லை என்று அந்த வருடங்களில் ஒருநாளாவது கடவுளிடம் சொன்னேனா? சொல்லவில்லை. அந்த அறையில் இப்போது எங்கள் இரண்டு பேரையும் தவிர அதைக் கேட்க வேறு மனிதர் இல்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குரலைத் தாழ்த்த வேண்டிய இடம், உயர்த்த வேண்டிய இடம் எதுவும் தெரியாமல் அசிங்கமாக அழுதேன்.

ஆமென் என்று நான் சொல்லக் கனநேரம் பிடித்தது. அதுவரைக்கும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.