நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து

சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாக வரும் அந்தம்மாவுக்குத் தெருவில் 'மார்க் அக்கா' என்றுதான் பெயர். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் உட்கார்ந்து பெற்றவர்களிடம் பதினைந்து கேள்வி கேட்பார். பிள்ளை அழுதால் காரணம் புரிகிறதா, வயிறு நிறைந்ததா என்று தெரிகிறதா, பயமில்லாமல் குளிப்பாட்ட முடிகிறதா என்று போகும். 'எப்போதும்' என்றால் மூன்று மார்க், 'சில சமயம்' என்றால் ஒன்று, 'இல்லவே இல்லை' என்றால் முட்டை. முப்பத்தாறுக்குக் கீழே போனால் நர்ஸ் வாராவாரம் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுப்பார். அதற்குத்தான் இவ்வளவும். ஆனால் மார்க் என்று காதில் விழுந்துவிட்டால் நம் ஜனங்களுக்குப் பரீட்சை ஞாபகம்தான் வரும். பக்கத்து வீட்டில் விடையை விசாரித்து வைத்துக்கொண்டு 'எப்போதும், எப்போதும்' என்று ஒப்பிப்பார்கள். பதினோரு வருஷமாக, முழு மார்க்கைப் பார்த்தாலே அக்காவுக்குச் சந்தேகம்தான் வரும்.

தெருக்கோடி வீட்டு வெல்டர் வாங்கியது நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து. மனைவி காலை ஆறு மணிக்கே தையல் கம்பெனிக்குப் போய்விடுவாள். இவருக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. அதுவரை நாலு மாதப் பெண்குழந்தை இவர் பொறுப்பு. அக்கா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். கழுத்து மடிப்பு சிவந்திருந்தது. மூலையில் குளிப்பாட்டும் டப் இருந்தது, அதில் துவைத்த துணி மடித்து அடுக்கியிருந்தது.

அக்கா அதட்டவில்லை. பேனாவை மூடிவிட்டுத் தன் கதையைச் சொன்னார். "என் மூத்தவளுக்கு நகம் வெட்ட எனக்கு அவ்வளவு பயம். மூணு மாசம் கையில சாக்ஸ் மாட்டியே வச்சிருந்தேன். குளிருதான்னு கேட்டவங்ககிட்ட ஆமான்னுட்டேன்."

வெல்டர் சிரித்தார். சிரித்து முடித்ததும் உண்மை வந்துவிட்டது. மூன்று மாதம் கூடவே இருந்து பிள்ளையைக் குளிப்பாட்டிய மனைவியின் உடன்பிறந்த அக்கா ஊருக்குப் போனதிலிருந்து ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. சோப்புப் போட்ட பிள்ளை கையிலிருந்து நழுவிவிடுமோ என்று அவருக்கு உதறல்.

"அவகிட்ட தினமும் குளிப்பாட்டிட்டேன்னுதான் சொல்றேன் அக்கா. காட்டிக் கொடுத்துடாதீங்க."

ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லக்கூடாது என்பது அக்காவின் வேலையில் கண்டிப்பான விதி. புதுத் தாளில் திரும்பக் கேட்டதில் இருபத்தொன்பது வந்தது. வெல்டருக்கு முகம் தொங்கிப்போயிற்று. இனி நர்ஸ் வருவார் என்று அக்காவுக்கோ பாதி பாரம் இறங்கியது.

மறுநாள் சாயங்காலம் மனைவியின் முறை. மடமடவென்று ஒப்பித்தவள் குளிப்பாட்டும் கேள்வியில் நின்றுவிட்டாள்.

"எனக்குக் குளிப்பாட்டவே பயம் அக்கா. அதனாலதான் லீவு நாள்லகூட அவர் தலையிலயே கட்டிட்டுக் கடைக்குப் போயிடுறேன். அவர்கிட்ட சொல்லாதீங்க. நெருப்போட வேலை செய்யிற மனுஷன், சிரிப்பாரு."

அக்கா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, நர்ஸ் வரும் நேரத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்று எழுதினார். அன்றைக்கு இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள்.

வேலையில்லாத நாளென்றாலும் அக்காவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, நர்ஸோடு தானும் போனார். நர்ஸ் டப்பில் வெந்நீரைப் பதமாக விளாவிவிட்டு, யார் குளிப்பாட்டப் போவது என்று கேட்டார். புருஷன் பெண்டாட்டியைக் காட்டினார். அதே நேரத்தில் பெண்டாட்டி புருஷனைக் காட்டினாள்.

"அப்ப தினமும் காலையில?" என்றாள் அவள்.

"துடைச்சேன்."

அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். தனக்கும் பயம்தான் என்று அப்புறம் சொன்னாள். ஒரு மாதமாக ஒருவரையொருவர் தைரியசாலி என்று நம்பி, பிள்ளையைக் குளிக்காமலே வைத்திருந்திருக்கிறார்கள். வெல்டர் தலையையும் கழுத்தையும் தாங்கிக்கொள்ள, அவள் தண்ணீர் ஊற்றினாள். குழந்தை காலை உதைத்து இரண்டு பேரையும் நனைத்தது. யாரும் நழுவ விடவில்லை.

துவட்டும்போது அக்கா மெதுவாகக் கேட்டார், "இப்ப கேட்டா அந்தக் கேள்விக்கு என்ன சொல்லுவீங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சில சமயம்," என்றார் வெல்டர், நனைந்த சட்டையோடு. அவளும் தலையாட்டினாள்.

ஆளுக்கு ஒரு மார்க். பதினோரு வருஷத்தில் அக்கா இவ்வளவு சந்தோஷமாக மார்க் போட்டதில்லை.